காய்த்தொகை: பாஸ்தாவில் மறைந்து நிற்கும் காய்கறிகள் குறித்த ஓர் இலக்கண ஆய்வு

உருபு வெளிப்படாமல் மறைந்து நின்று பொருள் தருவதை வேற்றுமைத்தொகை என்பர் இலக்கண நூலார். ‘பால் குடித்தான்’ என்னுமிடத்து ‘ஐ’ உருபு கண்ணுக்குத் தெரியாதிருந்தும் அவன் பாலைத்தான் குடித்தான் என்பதில் எவர்க்கும் ஐயம் எழுவதில்லை. அவ்வாறே காயொன்று தன் உருவம் தோன்றாமல் மறைந்து நின்று சத்தை மட்டும் தருமாயின், அதனைக் காய்த்தொகை என வழங்குதல் தகும். தொகைநிலைத் தொடர் ஆறே என வரையறுத்த முன்னோர்க்கு இந்த ஏழாவது புலப்படாமற் போனதில் வியப்பில்லை. அவர்கள் காலத்தில் மிக்சி இல்லை.

இத்துறையின் உரிமைப் போர் அமெரிக்காவில் நிகழ்ந்தது. 2007-இல் மிஸ்ஸி சேஸ் லபைன் எழுதிய ‘தி ஸ்னீக்கி செஃப்’ என்னும் நூலும், சில மாதங்கள் கழித்து ஜெசிகா சைன்ஃபெல்ட் எழுதிய ‘டிசெப்டிவ்லி டெலிஷியஸ்’ என்னும் நூலும் வெளிவந்தன. பிள்ளைகள் விரும்பும் பண்டத்துக்குள் காய்கறிக் கூழைக் கலப்பதே இரண்டுக்கும் பொருளாகையால் முன்னவர் வழக்குத் தொடுத்தார். கூழைச் சேமித்து வைத்துப் பிள்ளைகள் அறியாமல் உணவில் சேர்ப்பது வெறும் கருத்தேயன்றிப் பதிப்புரிமைக்கு உரியதன்று என 2010-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியதால், பிள்ளைகளை ஏமாற்றும் உரிமை பெற்றோர் அனைவர்க்கும் பொது என்பது சட்டப்படியும் நிலைபெற்றது. இத்தாலியர்க்கு இந்த வழக்கே விளங்கியிராது: பொலோன்யா நகர வணிகர் சபையில் 1982-இல் பதிவு செய்யப்பட்ட ராகு என்னும் இறைச்சிக் குழம்பின் செய்முறையிலேயே காரட், செலரி, வெங்காயம் மூன்றும் பொடியாக அரியப்பட்டுக் கிடக்கின்றன, ஒளித்ததாக எவரும் பெருமை கொண்டாரில்லை.

இனி, தொகுக்கும் முறை. இரண்டு வெங்காயம், இரண்டு காரட், ஒரு சிவப்புக் குடைமிளகாய், ஒரு சுக்கினி ஆகியவற்றை நறுக்கி, ஆலிவ் எண்ணெயில் பூண்டுடன் வதக்கி, ஒரு கைப்பிடி மைசூர்ப் பருப்பும் 400 கிராம் தக்காளி டின் இரண்டும் ஒரு குவளைத் தண்ணீரும் சேர்த்து, அரை மணி நேரம் குழைய வேகவைத்து அரைத்தால் சாஸ் ஆயிற்று. இங்கே நிறமே இலக்கணம். காரட்டும் குடைமிளகாயும் தக்காளியின் சிவப்போடு இயல்பாகப் புணரும். சுக்கினியோ தோல் சீவப்பட்டாலன்றிப் பச்சைப் புள்ளிகளாகத் தலைகாட்டி விகாரப்படும். பாலக் கீரை சேர்ந்தாலோ சிவப்பும் பச்சையும் கூடிச் சேற்று நிறமாகும். அந்தத் தட்டை எந்தப் பிள்ளையும் தொடாது. தொடாததற்குக் குறை சொல்லவும் முடியாது. காலிஃபிளவருக்கு உரிய இடம் சிவப்புச் சாஸ் அன்று, பாலும் சீஸும் சேர்ந்த வெள்ளைச் சாஸ்.

உண்போரின் ஆராய்ச்சித் திறம் தொகுப்போர் கருதுவதினும் நுட்பமானது. சரியாக அரைபடாத காரட் துணுக்கு ஒன்று, கடுகளவே ஆயினும், ஃபோர்க்கின் முனையால் பிரிக்கப்பட்டு, தட்டின் விளிம்பில் சான்றாக வைக்கப்பட்டு, பின்னர் ஒரு சொல்லும் இன்றித் தட்டே நகர்த்தப்படுவதைக் காணலாம். ஆயினும் தொகை பிழையின்றி அமைந்தவிடத்துப் பயன் உண்டு. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தார் 3 முதல் 5 வயதுப் பிள்ளைகளுக்குத் தக்காளிச் சாஸ் பாஸ்தா முதலியவற்றில் காய்கறிக் கூழைக் கலந்து கொடுத்து 2011-இல் வெளியிட்ட ஆய்வில், பிள்ளைகள் உண்ட காய்கறியின் அளவு கூடியது. உட்கொண்ட கலோரி குறைந்தது. தொகையாகவே உண்டு வளர்ந்த பிள்ளை காரட்டை விரித்துக் காட்டினால் அடையாளம் காணுமா என்று மறுப்போர் கேட்பது நியாயமே. அதற்காக, மறைத்தது போக ஒரு துண்டு காரட்டைத் தட்டின் ஓரத்தில் வெளிப்படையாகவும் வைப்பது நல்லது. அது உண்ணப்படாது, அறிமுகமாவது நடக்கும்.

எஞ்சியது உறைநிலை இயல். வெந்த பாஸ்தாவைச் சாஸோடு சேர்த்து உறைய வைத்தால் அது மேலும் ஈரத்தை உறிஞ்சிக் குழைந்துவிடும் ஆதலின், சாஸை மட்டும் ஆறவைத்து, ஜிப் பைகளில் ஒரு வேளை அளவாக ஊற்றி, தட்டையாகப் படுக்க வைத்து ஃப்ரீசரில் அடுக்குவர். தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு பருப்பதால் பையை முழுதும் நிரப்பலாகாது. −18 டிகிரியில் மூன்று மாதம் சுவை கெடாது.

பையின்மேல் உள்ளிருப்பதை எழுதி ஒட்டுக என்பது ஃப்ரீசர் நூலாரின் விதி. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த பிள்ளை வீட்டில் இருக்குமானால், இவ்விதி காய்த்தொகையை ஒரே நாளில் விரித்துவிடும். ஆகவே தேதி மட்டும் எழுதுவது வழக்காயிற்று. மூன்றாம் மாதம், வெண்பனி படர்ந்த அப்பையைக் கையில் எடுத்து, இது பாஸ்தா சாஸா, சாம்பாருக்கு வேகவைத்த பருப்பா, போன விருந்தில் மிஞ்சிய குருமாவா என ஒளித்தவரே விளக்கொளியில் திருப்பித் திருப்பிப் பார்க்குமிடத்து, சொல்லில் இல்லாத பிறிதொன்றைப் பொருளாகக் கொள்ள நேர்வதால், அது அன்மொழித்தொகை எனப்படும்.