நூற்குடைவியல்: காட்டுப்பள்ளிக் கடற்காற்றை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுப் பொருள்

கெட்டி அட்டை போட்ட பழைய புத்தகத்தைக் கத்தியால் குடைந்து மலையாகவும் மரமாகவும் மீனாகவும் ஆக்குவது ஓவிய வகுப்புகளில் கற்றுத்தரப்படும் ஒரு கலை. புத்தகம் காலில் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் இனத்துக்கு இது அடுக்குமா என்பதே நம் வினா. அடுக்கும் என்பதே துணிபு. சான்றுகள் வருமாறு.

முன்னோடிகள்

அமெரிக்கரான பிரையன் டெட்மரை இக்கலையின் முதல்வர் எனச் சிலர் கருதலாம். அது பிழை. ஏட்டைத் துளைத்துச் சிற்பம் சமைத்த முதல்வர் இராமபாணப் பூச்சியார், அடுத்தவர் கரையானார். உ.வே.சா. ஊர் ஊராய் அலைந்து தேடிய சுவடிகளில் இவர்கள் கைவண்ணம் படாதவை குறைவு. டெட்மர் சற்றே நிதானம் உடையவர். புத்தகத்தின் ஓரங்களை வார்னிஷ் பூசி இறுக்கிவிட்டு, மேலிருந்து ஒவ்வொரு தாளாக வெட்டிக்கொண்டு இறங்குவார். எதையும் இடம் மாற்றமாட்டார், புதிதாக எதையும் சேர்க்கவும் மாட்டார். கனடாவின் கீ லராமே கலைக்களஞ்சியங்களை மலைத்தொடர்களாகக் குடைந்தவர். 1768இல் தொடங்கிய பிரிட்டானிக்கா 2012இல் அச்சுப் பதிப்பை நிறுத்திக்கொண்டதால் மூலப்பொருளுக்குப் பஞ்சமில்லை.

களம்

காட்டுப்பள்ளி, எண்ணூருக்கு வடக்கே, கடலுக்கும் பக்கிங்ஹாம் கால்வாய்க்கும் இடையில் கிடக்கும் மணல்பூமி. 2010இல் திறக்கப்பட்ட மீஞ்சூர் கடல்நீர் சுத்திகரிப்பு ஆலை இருப்பது இங்கேதான். நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் நன்னீர் தரும் திறனுடையது. காற்றிலிருந்து உப்பைப் பிரிக்கும் ஆலைதான் இன்னும் வரவில்லை. அந்த உப்பு ஈரத்தை இழுக்க, வழவழப்பான படத்தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். டெட்மர் காசு செலவழித்துச் செய்யும் வேலையைக் கடற்காற்று இலவசமாக முடித்துக்கொடுக்கிறது. கூலியாகப் பிளேடைத் துருப்பிடிக்க வைத்துவிடுகிறது.

முறை

மீன் ஆய்ந்து பழகிய கைக்குத் தனிப் பயிற்சி வேண்டாம்: வயிற்றுப் பக்கம் கீறி, வேண்டாததை எடுத்து, முதுகுமுள் அறாமல் காக்க வேண்டும். புத்தகத்தின் முதுகு அறுந்தால் சிற்பம் தாள்தாளாகக் கொட்டிவிடும்.

புத்தகம் ஐந்து, பிள்ளைகள் முப்பது என்றால் என்ன செய்வது? பழவேற்காடு ஏரியில் எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை போடுவது என்பதைப் பாடு முறை தீர்த்துவைக்கிறது. வகுப்பிலும் அதுவே: இன்று உன் பாடு, நாளை என் பாடு.

பயிற்சிக்கு ஏற்றது மீன் வியாபாரியின் கேலிகோ அட்டைப் பேரேடு. கடன் பக்கத்தில் கத்தி வைக்க ஊரே முன்வரும். பழமையைப் போற்ற வேண்டும் என்று வியாபாரி மட்டும் வாதாடுவார்.

மறுப்பும் விடையும்

நூலை வெட்டினால் சரஸ்வதி பொறுப்பாளா என்பர் மறுப்போர். பெ. தூரன் தலைமையில் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வந்த தமிழ்க் கலைக்களஞ்சியத்தைக் கண்ணாடி அலமாரியில் பூட்டிச் சாவியைத் தொலைத்தவர்கள் இதைக் கேட்கக் கூடாது. எந்தப் படத்தை விட்டுவைப்பது, எந்தச் சொல்லை எடுப்பது என்று முடிவுசெய்யச் சிற்பி ஒவ்வொரு பக்கத்தையும் பார்த்தாக வேண்டும். ஆகவே ஒரு கலைக்களஞ்சியத்தை முதல் பக்கம் தொட்டுக் கடைசிப் பக்கம் வரை கடந்தோர் மூவரே: மெய்ப்புத் திருத்தியவர், கரையான், சிற்பி.

எல்லை மீறியவர்களும் உண்டு. 1966இல் லண்டன் செயின்ட் மார்ட்டின்ஸ் கலைப் பள்ளியில் பாடம் நடத்திய ஜான் லேதம், கிளமென்ட் கிரீன்பர்கின் கலை விமர்சன நூலொன்றைப் பள்ளி நூலகத்தில் இரவல் வாங்கினார். பக்கங்களைக் கிழித்து விருந்தினரை மெல்லச் சொன்னார். மென்றதை அமிலத்தில் கரைத்தார். நூலகம் புத்தகத்தைக் கேட்டபோது புட்டியில் அடைத்த திரவத்தைக் கொடுத்தார். அவர் வேலை போயிற்று. அந்தப் புட்டி இப்போது நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

முடிபு

நூலக முத்திரை உள்ளது, மறுபதிப்பு வராதது, முன்னோர் கையெழுத்துப் பட்டது ஆகிய மூன்றையும் தொடலாகாது. காலாவதியான சட்டத் தொகுப்பு, போன தலைமுறையின் வரி விதிகள், கணக்குத் தீர்ந்த பேரேடு ஆகியவை குடைவுக்கு உரியவை. இவற்றை அடைகாத்து வைத்திருப்போர் அருகிலுள்ள பள்ளியின் ஓவிய ஆசிரியரிடம் ஒப்படைக்கலாம். கொடுக்கும் முன் ஒருமுறை பக்கம் பக்கமாகப் புரட்டிப் பாருங்கள். அப்படியே உட்கார்ந்து படித்துவிட்டீர்கள் என்றால், கொடுக்க வேண்டாம்.