சந்தேகம் வந்தால் விசுவாசம் போய்விடுமா?

கேள்வி: கடவுளைப் பற்றிச் சந்தேகம் எழுந்தாலே ஒரு கிறிஸ்தவரின் விசுவாசம் ஆட்டம் கண்டுவிட்டது என்றுதானே அர்த்தம்?

பதில்: அப்படியானால் புனிதர்களின் பட்டியலில் பல பெயர்களை அடித்துவிட வேண்டியிருக்கும்! கடவுளின் அருகாமையை உணராமலே அன்னை தெரசா பல பத்தாண்டுகள் ஜெபித்தார் என்பதை 2007-இல் நூலாக வெளிவந்த அவருடைய கடிதங்கள் காட்டின. அதெல்லாம் தெரிந்தே 2016-இல் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. யோவான் நற்செய்தியில், இயேசுவின் காயங்களைத் தொட்டுப் பார்க்காமல் அவர் உயிர்த்தெழுந்ததை நம்பமாட்டேன் என்ற சீடர் தோமாவை யாரும் விரட்டவில்லை. எட்டு நாள் கழித்தும் அவர் சீடர்களோடுதான் இருக்கிறார். இயேசு முதலில் காயத்தைக் காட்டுகிறார்; கண்டிப்பு பிறகுதான். இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸோ, கடவுள் இருக்கிறாரா என்ற ஆய்வையே உலகில் தீமை இருக்கிறதே என்ற எதிர்வாதத்தோடு தொடங்கினார். எவ்வளவு நேர்மை! அவரே 1273 டிசம்பரில் எழுதுவதை நிறுத்திவிட்டார். அந்த ஆய்வு இடம்பெற்ற பெருநூல் முடியாமலே நின்றது.

இத்தகைய கேள்விகளுக்கு 'மனித அறிவுக்கு எட்டாது' என்று பதில் சொல்வது தப்பிக்கும் வழிதானே என்று நீங்கள் திருப்பிக் கேட்கலாம். கேட்பவர் வாயை அடைக்க அதைச் சொன்னால், ஆம், தப்பித்தல்தான். ஆனால் அந்த எல்லை போதிப்பவருக்கும் உண்டு. அதை மறந்துதான் 1633-இல் திருச்சபை விஞ்ஞானி கலிலேயோவைத் தண்டித்தது. அந்தத் தவறைப் போப் இரண்டாம் ஜான் பால் வெளிப்படையாக ஒப்புக்கொண்டது 1992-இல். திருச்சபைக்கு அன்று கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்தது சந்தேகம் அல்ல, அளவுமீறிய நிச்சயம். ஆகவே தயங்காமல் கேளுங்கள், ஜெபத்தையும் விடாதீர்கள்.