வீக்எண்ட் வழிகாட்டி

பள்ளிச் சுற்றுலாவில் மாமல்லபுரம் கூட்டிப்போனால் கூட்டத்தில் தொலைந்து, ஒரு வாத்தியாரும் இரண்டு பையன்களும் தேடிப் பிடித்துக் கொண்டுவந்த பிறகுதான் பஸ் கிளம்பும். அப்படி ஒருத்தன் எல்லா வகுப்பிலும் உண்டு. அவன் இப்போது நியூ ஜெர்சியில், எடிசன் பக்கம் இருக்கிறான். நீங்கள் டெக்சஸிலோ ஒஹையோவிலோ இருந்தால் ஒரு வீக்எண்டாவது அவன் வீட்டுக்குப் போயே தீரவேண்டும். போனால், உங்களைத் தொலைய விடமாட்டான்.

வெள்ளி இரவு பெட்டியைக் கீழே வைத்ததுமே வீட்டைச் சுற்றிக்காட்டக் கிளம்பிவிடுவான். ஹால், கிச்சன், மாடியெல்லாம் விறுவிறுவென்று முடிந்துவிடும். பேஸ்மென்ட்டில்தான் நிற்பான். துணி காயும் டிரெட்மில், அடுத்த நவராத்திரிவரை அட்டைப்பெட்டி சுமக்கும் கொலுப்படி, இவற்றைத் தாண்டி வாட்டர் ஹீட்டர் முன்னால் வந்ததும் குரல் தணியும். 2021இல் வீட்டுக்கடனை மூன்று சதவீதத்துக்கும் கீழே லாக் பண்ணிய கதை அங்கேதான் அரங்கேறும். “இப்ப ஆறுக்கு மேல மச்சி. உனக்கு எவ்வளவு?” என்பான். வாடகை வீடு என்று சொல்லிப் பாருங்கள். துக்கம் விசாரிக்க வந்தவன் மாதிரி தோளில் கை வைப்பான்.

சனிக்கிழமை சுதந்திர தேவி. அவன் மனைவி வரமாட்டார். “நீங்க போயிட்டு வாங்கண்ணா, அந்தம்மாவை நான் போதும் போதும்னு பார்த்தாச்சு” என்று புளிசாதப் பொட்டலத்தைக் கையில் கொடுத்துவிடுவார். போகிற வழியில் பெட்ரோல் பங்க். கதவைத் திறக்க நீங்கள் கை வைத்தால் தடுப்பான். நியூ ஜெர்சியில் பெட்ரோலை நாமே போட்டுக்கொள்ளக் கூடாது, 1949லிருந்து சட்டம். அந்தச் சட்டத்தைத் தானே முன்மொழிந்து நிறைவேற்றியவன்போல் விளக்குவான். டோலுக்கும் தத்துவம் உண்டு: நியூயார்க்குக்குள் நுழையத்தான் காசு, ஆற்றைத் தாண்டி நியூ ஜெர்சிக்குத் திரும்ப இலவசம். “நம்ம ஸ்டேட்டுக்கு யார் வேணா வரலாம்டா!”

சிலை நிற்கும் தீவுக்குப் போகிற படகுக்கு டிக்கெட் உண்டு. ஆகவே அதில் அவன் ஏறியதில்லை. ஸ்டேட்டன் ஐலண்ட் படகு இலவசம். இருபத்தைந்து நிமிஷப் பயணம், போகும்போது வலப்பக்கக் கம்பியோரம் நின்றால் தேவி தெரிவாள். 1886, பிரான்ஸ் தந்த பரிசு என்றெல்லாம் ஒப்பிப்பான் (வரலாற்றில் ஜஸ்ட் பாஸ் வாங்கியவன்). அக்கரையில் எல்லாரும் இறங்கித்தான் ஆகவேண்டும். இறங்குவான், ஒரு சுற்று நடப்பான், அடுத்த படகில் ஏறிவிடுவான். ஸ்டேட்டன் ஐலண்டில் என்ன இருக்கிறது என்று இன்றுவரை அவனுக்குத் தெரியாது. இந்த இலவசப் படகைப் பிடிக்க டோலுக்கும் பார்க்கிங்குக்கும் அழுத காசைக் கணக்குப் பார்க்கக் கூடாது. விருந்தாளிக்கு அது அழகல்ல.

ராத்திரி சாப்பாட்டில்தான் உங்களுக்கு வேலை வரும். மாடியிலிருந்து இறங்கும் பெண், “அங்கிள், அப்பா ஸ்கூல்ல மேத்ஸ்ல எப்படி?” என்று கேட்கும். ரசம் ஊற்றிக்கொண்டிருந்தவன் கை அப்படியே நிற்கும். கண்ணால் கெஞ்சுவான். “உங்கப்பாவா? சென்டம்மா!” என்று நீங்கள் சொல்லியாக வேண்டும். சொன்னதும் உங்கள் தட்டில் கேட்காமலே இன்னொரு அப்பளம் விழும். மனைவி நம்பியதாகத் தெரியாது.

ஞாயிறு காலை பிரிட்ஜ்வாட்டர் பாலாஜி கோயில், பிறகு ஓக் ட்ரீ ரோடு. பெருமாளை ஐந்து நிமிஷம் சேவித்துவிட்டு, அதைப்போல் பல மடங்கு நேரம் கேன்டீன் வரிசையில் நிற்பீர்கள். ஓக் ட்ரீ ரோட்டில் கார் நிறுத்த இடம் தேடுவதே சுற்றிப்பார்ப்பதுதான்.

இத்தனைக்கும் நடுவே பழைய கதை ஒன்றும் பேசியிருக்க மாட்டீர்கள். நுவார்க் விமான நிலையத்தில், நிறுத்தக் கூடாத இடத்தில் வண்டியை நிறுத்தி, பெட்டியை இறக்கிக்கொண்டே ஆரம்பிப்பான்: “டேய், கெமிஸ்ட்ரி லேப்ல அன்னிக்கு குண்டுராஜ்...” போலீஸ்காரர் கையை ஆட்டுவார். “ஒன் மினிட் ஆபீஸர்” என்று இவனும் கையை ஆட்டுவான். பின்னால் ஹாரன் கிளம்பும். மீதிக் கதை, நீங்கள் செக்யூரிட்டி வரிசையில் பெல்ட்டைக் கழற்றும்போது வாய்ஸ் மெசேஜாக வந்து சேரும். அதிலும் குண்டுராஜ் பிப்பெட்டை வாயில் வைக்கும் இடத்தில் ஜிபிஎஸ் குறுக்கிட்டு, வலப்பக்கம் திரும்பச் சொல்லும்.