எல்லார் முன்னாலும் எடை

தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் 1980-இல் உலக வங்கி உதவியோடு முதன்முதலில் தொடங்கியது மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி வட்டாரத்தில்தான். அந்த வட்டாரத்துக் கிராமம் ஒன்றில் ஊட்டச்சத்துப் பணியாளராகச் சேர்ந்தேன். வேலைக்கு ஆள் எடுக்க அவர்கள் பார்த்த தகுதிகள் எனக்கு இன்றும் வியப்புதான். ஊர்க்காரியாக இருக்க வேண்டும். ஓரளவு படித்திருக்க வேண்டும். குடும்பம் ஏழையானாலும் பெற்ற பிள்ளை திடமாக இருக்க வேண்டும். எனக்கு வேலை கிடைத்தது அந்தக் கடைசித் தகுதியால். "இவளும் நம்மளப் போலக் கூழு குடிக்கிறவதான, இவ புள்ள மட்டும் எப்படி இப்படி இருக்கான்?" என்று ஊர் கேட்கும்படி வாழ்கிற ஒருத்தி சொன்னால்தான் மற்ற தாய்மார் காதுகொடுப்பார்கள் என்று யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார். அவரை மனதாரப் பாராட்டுகிறேன்.

முதல் மாதம் வேப்பங்கிளையில் தராசைக் கட்டிவிட்டுக் காத்திருந்தேன். பெண்கள் வந்தார்கள், பிள்ளைகளைத் தரவில்லை. "பச்சப் புள்ளையத் தொங்கவிட்டு நிறுத்தா கண்ணு பட்டுரும் தாயி" என்றார் ஓர் அப்பத்தா. அவரிடம் வாதாடவில்லை. என் மகனைத் தூக்கித் தராசில் போட்டேன். "எம் புள்ளைய நீங்களே நிறுங்க அப்பத்தா" என்று முள்ளைக் காட்டினேன். அடுத்த மாதமும் அவனைத்தான் முதலில் போட்டேன். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று கண்ட பிறகு, அந்த அப்பத்தாவே தன் பேத்தியை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தார்.

தராசுக்கு வரவழைத்ததைவிடச் சிரமமானது அதற்குப் பின்னால் இருந்தது. அந்தத் திட்டத்தில் எல்லாப் பிள்ளைக்கும் சத்துருண்டை கிடையாது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரை உள்ள பிள்ளைகளை மாதாமாதம் நிறுத்து, எடை சரியாக ஏறாத பிள்ளைக்கு மட்டும் 90 நாள் கொடுப்போம். தேறிவிட்டால் நிறுத்திவிடுவோம். பக்கத்து வீட்டுப் பிள்ளை உருண்டை தின்னும்போது தன் பிள்ளை வெறுங்கையோடு நிற்பதை எந்தத் தாய் பொறுப்பாள்? "உங்க பங்காளி வீடுன்னா குடுப்பீங்க, எங்களுக்குன்னா இல்ல" என்று முகத்துக்கு நேரே கேட்டார்கள். கேட்டது நியாயம். அதனால் எடையை நான் சொல்வதை விட்டேன். பிள்ளையைப் பெற்றவளே முள்ளைப் பார்க்க வேண்டும், எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும், வளர்ச்சி அட்டையில் புள்ளி எங்கே விழுகிறது என்று விரல் வைத்துக் காட்ட வேண்டும். எழுத்தறியாத பெண்கள் சில மாதங்களில் அந்தக் கோட்டைப் படித்தார்கள். "போன மாசத்துக்கு இந்த மாசம் படுத்துருச்சு டீச்சர், வயித்தால போச்சுல்ல" என்று காரணத்தையும் அவர்களே சொன்னார்கள். பங்காளிப் பேச்சு அதோடு நின்றது.

1982 ஜூலை 1-ஆம் தேதி எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கினார். சோறு வந்த சில நாளிலேயே, சமைக்கிற ஆயா யார் என்ற பேச்சும் வந்தது. சில வீட்டுப் பிள்ளைகள் தட்டோடு திரும்பிப் போனார்கள். பந்தியில் முதல் ஆளாக நானும் என் மகனும் உட்கார்ந்து அந்த ஆயா கையால் வாங்கிச் சாப்பிட்டோம், வாசல் கதவைத் திறந்து வைத்துவிட்டு. தெருவில் போகிறவர்கள் பார்த்துக்கொண்டே போனார்கள். திரும்பிப் போன பிள்ளைகள் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தன. எல்லா வீடும் வந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஆயா மாறவில்லை, பந்தியும் பிரியவில்லை.

இன்று அதே ஊர் அங்கன்வாடியில் டீச்சராக இருப்பவள், என் தராசில் கால் உதைத்து அழுதவள்தான். என்னைவிடப் படித்தவள். பிள்ளைகளிடம் பேசுகிற விதம் அவ்வளவு அழகு. தரையில் டைல்ஸ், சுவரெல்லாம் படம், வாரத்துக்கு மூன்று முட்டை. கண்ணேறு பேச்சு போயே போய்விட்டது. தாய்மாரே எடையைக் கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள். நாங்கள் ஆசைப்பட்டதெல்லாம் கண்ணெதிரே நடக்கிறது.

ஆனால் அவள் கையில் எந்நேரமும் போன் இருக்கிறது. 2021-இல் மத்திய அரசின் போஷன் டிராக்கர் செயலி வந்தது. வருகை, எடை, உயரம், சத்துமாவு எல்லாம் அதில் ஏற்ற வேண்டும். இப்போது சத்துமாவு வாங்க வருகிற தாயின் முகத்தையும் போனில் பிடித்துச் சரிபார்க்க வேண்டும். முகம் ஒத்துவரவில்லையென்றால் மறுபடி பிடி, டவர் கிடைக்கவில்லையென்றால் வாசலுக்கு ஓடு. நான் போயிருந்த அன்று ஒரு பிள்ளை அவள் சேலையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தது. பக்கத்து ஊர் மையத்துக்கும் அவளே கூடுதல் பொறுப்பு, அங்கே இடம் காலி. "டீச்சரா? எப்பப் பாத்தாலும் போனத்தான் பாக்குறாங்க" என்றாள் தெருவில் ஒரு மருமகள். அந்தச் சொல் எனக்கு வலித்தது. அவள் செய்கிற வேலை முழுக்க டெல்லிக்குத் தெரிகிறது, எதிர் வீட்டுக்குத் தெரியவில்லை. எங்கள் காலத்தில் இது நேர்மாறாக இருந்தது.

பதிவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. திருப்பூருக்குப் பிழைக்கப் போகிற குடும்பத்துப் பிள்ளையின் விவரம் கூடவே போகுமானால் நல்லதுதான். அதைச் செய்ய இன்னொரு கை வேண்டும். இருக்கிற கைக்கும் தகுந்த ஊதியம் வேண்டும். 2018 அக்டோபரில் மத்திய அரசு அங்கன்வாடிப் பணியாளருக்கு நிர்ணயித்த மாத மதிப்பூதியம் 4,500 ரூபாய், உதவியாளருக்கு 2,250. மாநில அரசு தன் பங்கைச் சேர்த்துத் தருகிறது. அப்படியும் மத்திய அரசு தான் தருவதைச் 'சம்பளம்' என்று சொல்வதில்லை. இவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 2022 ஏப்ரல் வரை ஆயிற்று. ஊரே நம்பிப் பிள்ளையை விடுகிற ஒருத்தியை அரசு ஊழியர் என்று அழைக்க ஏன் இத்தனை தயக்கம்?

உங்கள் தெரு அங்கன்வாடிக்கு ஒரு நாள் காலையில் போய்ப் பாருங்கள். டீச்சர் இடமோ ஆயா இடமோ காலியாக இருந்தால் கலெக்டருக்கு ஒரு மனு எழுதுங்கள். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் வாங்கிக்கொள்வார்கள். தாய்மார் நாலு பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.