நந்திதுர்க் டிபன் கடைகளின் பெரு நாட்டுத் தன்மை: ஓர் ஆய்வு

கருதுகோள்

கோலார் தங்கவயலின் நந்திதுர்க் பகுதியில் பெரு நாட்டு உணவகம் எதுவும் இல்லை என்பது பொதுக் கருத்து. பொதுக் கருத்துகள் பலவற்றைப் போல இதுவும் சாப்பிட்டுப் பார்க்காதவர்கள் பரப்பியது. சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டின் முன்பக்கத்தை அடைத்துக் குடும்பமாக நடத்தும் டிபன் கடைகள் யாவும் பெரு நாட்டு உணவகங்களே என்பதை இக்கட்டுரை நிறுவும்.

முறையியல்

பங்கேற்று நோக்கல். அதாவது, பெஞ்சில் உட்கார்ந்து தின்றல். கடை விடியுமுன் திறக்கிறது. முன்பு சுரங்கத்துச் சங்கு நேரம் சொன்னது; 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டபின், மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்குப் போகும் ரயில் சொல்கிறது. ஆகவே முதல் ஈடு இட்லியை ஆய்வுக்கு உட்படுத்துவோர் தூக்கத்தைத் தியாகம் செய்ய வேண்டும்.

தரவுகள்

அ) உருளைக்கிழங்கு. மசால் தோசையின் உள்ளடக்கம். டிட்டிகாகா ஏரியைச் சுற்றிய மலைநாட்டில் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பயிரானது. இதற்கான பன்னாட்டு ஆய்வு மையம் 1971 முதல் லிமா நகரில் இயங்குகிறது. போண்டாவுக்கு அங்கே தனித் துறை ஏற்படுத்தாதது பெருங்குறை.

ஆ) தக்காளி. கோலார் மாவட்டம் லாரி லாரியாக வெளியூருக்கு அனுப்புவது. இதன் காட்டு உறவினர்கள் இன்றும் பெரு, ஈக்வடார் பகுதிகளில் வாழ்கிறார்கள்.

இ) மிளகாய். சங்க காலத்தில் காரம் மிளகின் பொறுப்பில் இருந்தது. 16-ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் கப்பலில் மிளகாய் வந்திறங்கியபின் மிளகுக்குப் பொங்கலும் ரசமுமே மிஞ்சின. நாம் அதிகம் தின்னும் வகையைப் பழக்கியது மெக்சிகோ என்று சிலர் ஆட்சேபிக்கலாம். ஆனால் மிளகாய்ப் பேரினத்தின் பூர்வீகம் ஆண்டிஸ் மலைப்பகுதி. மூன்று தலைமுறையாகத் தங்கவயலில் பிறந்தவரிடம் சொந்த ஊர் கேட்டால் குடியாத்தம் என்றோ திருப்பத்தூர் என்றோதானே சொல்கிறார்? மிளகாய்க்கு மட்டும் வேறு சட்டமா?

ஈ) நிலக்கடலை. கடலைச் சட்னியின் ஆதாரம். 1987-இல் வட பெருவின் சிபான் என்ற ஊரில் மோச்சே நாகரிகக் காலத்து ஆட்சியாளர் ஒருவரின் கல்லறை அகப்பட்டது. அவர் கழுத்தில் பொன்னாலும் வெள்ளியாலும் செய்த கடலைக்காய் மாலை. அவர்களிடம் பொன்னும் இருந்தது, கடலையும் இருந்தது. நந்திதுர்க்கில் இப்போது கடலை மட்டும்.

நிர்வாக அமைப்பு

பெருவின் அரெகிபா நகரத்துப் பழைய காரக்கடைகளைத் தலைமுறைகளாக நடத்துபவர்கள் பெண்கள். இங்கும் அடுப்பும் அதிகாரமும் அக்காவிடம். கல்லாவில் அமர்ந்திருக்கும் அண்ணன் சில்லறை கொடுப்பதோடு சரி. மெனு அட்டை கிடையாது.

"இன்னைக்கு என்னக்கா இருக்கு?"

"உக்காருப்பா, வைக்கிறேன்."

ஆய்வாளர் தேர்ந்தெடுக்கும் உரிமை இத்துடன் முடிகிறது.

மறுப்புகளும் விடைகளும்

மறுப்பு ஒன்று: களி? கேழ்வரகு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. உண்மை. பெரு உணவிலும் வந்தவர்கள் உண்டு. 1849 முதல் கூலி வேலைக்குக் கப்பலேறிய சீனர்கள் தாளிப்புச் சட்டியையும் சோயாவையும் கொண்டுவந்து மாட்டிறைச்சியை வதக்க, இன்று அது அந்நாட்டின் பெருமைக்குரிய பண்டம். அதை வறுத்த உருளைக்கிழங்கோடும் சோற்றோடும் ஒரே தட்டில் வைக்கிறார்கள். சோற்றுக்கு உருளை வறுவல் தொட்டுக்கொள்ளும் நாகரிகம் இரு நாடுகளுக்கும் பொது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. வட ஆர்க்காட்டிலிருந்து சுரங்கத்துக்கு வந்தவர்களும் சட்டியோடுதான் வந்தார்கள்.

மறுப்பு இரண்டு: பச்சை மீனை எலுமிச்சைச் சாற்றில் ஊறவைக்கும் பெருவின் புகழ்பெற்ற பண்டம் இங்கே இல்லை. விடை: கடலும் இல்லை. லிமாவில் எலுமிச்சையில் மீன் ஊறுகிறது. இங்கே எலுமிச்சையே ஊறுகிறது.

விவாதம்

இரு நிலங்களையும் இணைப்பது சமையல் மட்டுமன்று. 1532-இல் கஹாமார்க்காவில் ஸ்பானியப் படைத்தலைவன் பிசாரோவிடம் சிறைப்பட்ட இன்கா அரசன் அதவால்பா, தன் விடுதலைக்கு ஓர் அறை நிறையப் பொன் தருவதாகச் சொன்னான். பொன் வந்தது, விடுதலை வரவில்லை. மறு ஆண்டு அவனைக் கொன்றார்கள். தங்கவயலுக்கு 1880-இல் பிரிட்டிஷ் சுரங்க நிறுவனமான ஜான் டெய்லர் கம்பெனி வந்தது. 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து சுரங்கத்துக்கு மின்சாரம் வந்தது. மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கிப் பாறை உடைத்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்குக் கடைசியில் வந்தது பெங்களூர் ரயில். தங்கம் பிரித்தபின் எஞ்சிய சயனைடு மண்மேடுகள் ஊரோடு தங்கிவிட்டன.

பிசாரோவின் ஆட்கள் இன்காக்களின் பொற்சிற்பங்களை உருக்கிக் கட்டிகளாக்கினார்கள். உருளைக்கிழங்கை உருக்க வழியில்லை, மசிக்கத்தான் முடியும். அதனால் அது தப்பித்து, உலகம் சுற்றி, நந்திதுர்க் எண்ணெய்ச் சட்டி வரை வந்து சேர்ந்தது. சுரங்கம் மூடிய ஊரில் ஒரு குடும்பத்தின் பள்ளிக் கட்டணத்தையும் கட்டுகிறது. தங்கத்தின் மதிப்பை நாள்தோறும் அச்சிடும் பத்திரிகைகள் போண்டாவின் விலையையும் பக்கத்திலேயே போடலாம் என்பது இவ்வாய்வின் ஒரே பரிந்துரை.

அறநெறி அறிவிப்பு

ஆய்வாளரின் பெயர் மேற்படி கடையின் கடன் நோட்டில் உள்ளது. இது ஆய்வு முடிவுகளை எவ்விதத்திலும் பாதிக்கவில்லை. ஆய்வு முடிவுகளும் பாக்கியைப் பாதிக்கவில்லை.