மிக்ஸியை மண்டையைப் போட வைப்பது எப்படி?

மிக்ஸி தானாகக் கெடாது. நாம்தான் மெனக்கெட வேண்டும்.

முதலில் ஜார். அடியில் பிளேடின் தண்டைத் தாங்குவது ஒரு சின்னப் புஷ். அரைத்தவுடன் கழுவிக் கவிழ்த்து வைத்தால் தண்ணீர் வடிந்து தொலைத்துவிடும். ஆகவே சட்னி மிச்சத்தோடு ராத்திரி முழுக்க சிங்க்கில் ஊறப் போடுங்கள். வாஷர் இற்று, உப்பும் புளியும் புஷ்ஷுக்குள் இறங்கி, பிளேடு இறுகிக்கொள்ளும். கையால் ஒரு சுற்று சுற்றினாலே தெரிந்துவிடும் என்பதால் சுற்றிப் பார்க்காதீர்கள்.

அந்த ஜாரை ஏற்றி ஸ்விட்சைத் திருப்பினால் 'டர்ர்ர்' என்று கப்ளரின் பல் தேயும். மோட்டார் தப்பிக்கட்டும் என்று முன்னால் போய் உயிரை விடுகிற உருப்படி அது, விலையும் அற்பம். "மட்டமான பிளாஸ்டிக்கைப் போட்டு ஏமாத்திட்டான்" என்று கம்பெனிக்காரனைத் திட்டிவிட்டுப் புதுசு மாட்டுங்கள். ஜாரில் கைவைக்க வேண்டாம்.

மோட்டார் கொஞ்சம் கெட்டி. சும்மா ஓடும்போது நிமிடத்துக்கு ஏறத்தாழ 18,000 சுற்று சுற்றுகிற சாமான். ஆனால் அதற்குக் காற்று வீசும் விசிறியும் அதே தண்டில்தான் இருக்கிறது. நமக்கு அதுதான் பிடி. உளுந்தைத் தண்ணீர் காட்டாமல் ஜாரின் கழுத்துவரை அடைத்து ஓட்டுங்கள். சுற்று குறையக் குறைய காயில் கூடுதல் கரண்ட் இழுத்துக் கொதிக்கும். அந்த நேரம் பார்த்து விசிறியும் மந்தமாகும். மேடையில் கறை படாமலிருக்கப் பழைய துண்டை நாலாக மடித்து அடியில் விரித்தால் காற்றுத் துளைகளும் அடைபடும். '5 நிமிடம் ஓட்டி, 2 நிமிடம் நிறுத்தவும்' என்று பல கம்பெனிக் கையேடுகள் சொல்லும். கையேடு பரணில் பத்திரமாக இருக்கட்டும்.

சூடு மீறினால் அடியிலிருக்கும் சிவப்புப் பொத்தான் துள்ளி வெளியே வந்து மிக்ஸியை நிறுத்தும். ஏன் என்று கேட்காதீர்கள். அமுக்குங்கள், ஓட்டுங்கள், மறுபடி அமுக்குங்கள். காயில் கம்பிமேல் பூசிய வார்னிஷ் கருகும் வாசம் வந்தால் முக்கால்வாசி வேலை முடிந்தது. ஜன்னலைத் திறந்துவிட்டு, மீதி சாம்பார்ப் பொடியையும் அரைத்துவிடுங்கள்.

ரிப்பேர் கடைக்குப் போகிற வழியில், "நல்லாத்தான் ஓடிட்டிருந்துச்சு, திடீர்னு நின்னுருச்சு" என்ற வசனத்தை ஒத்திகை பாருங்கள். மெக்கானிக் ஸ்க்ரூவைக்கூடத் தொடமாட்டார். கவிழ்த்து மூக்கருகே பிடித்து, "காயில் போச்சுண்ணே" என்பார். செம்பில் கட்டவா, அலுமினியத்தில் கட்டவா என்றும் கேட்பார். எது விலை குறைவோ அதையே கட்டச் சொல்லுங்கள்.