ஞாயிற்றுக்கிழமை பென்ஸ்காரர்

பினாங்கில் ஒரு வீட்டு வாசலில் இரண்டு காடிகள் இருந்தால், கூரைக்குக் கீழே நிற்பது எது என்று பாருங்கள். வீட்டுக்காரரின் மனசு தெரிந்துவிடும். வாரம் முழுக்கப் பிள்ளைகளைப் பள்ளிக்கும் அவரை வேலைக்கும் சுமக்கிற மைவி வெயிலில் காயும். சனி, ஞாயிறுக்கென்று வாங்கிய முப்பது வயது மெர்சிடிஸ் இ220 போர்ச்சுக்குள் துணி போர்த்தித் தூங்கும். "புது மைவி விலையில் பாதிகூட இல்லை, லாபம்தானே?" என்பார் இவர். அந்தக் கணக்கு தப்பு. ஆனாலும் அவர் வாங்கியது சரி. சரியான காரணம்தான் அவருக்கே பிடிபடவில்லை.

முதலில் தப்பைப் பார்ப்போம். மலேசியாவில் ரோட்டெக்ஸ் காடியின் விலையைப் பார்ப்பதில்லை, இஞ்சின் சிசியைப் பார்க்கிறது. 1.3 லிட்டர் மைவிக்கு ஆண்டுக்கு 70 வெள்ளி. 2,199 சிசி பென்ஸுக்கு ஏறக்குறைய 580. அது போகட்டும். 1990களின் முற்பகுதியில் வந்த இந்த மாடல்களில் இஞ்சின் ஒயர்களின் மேலுறை சூட்டில் காய்ந்து, பழைய முறுக்கு மாதிரி உதிரும். பல காடிகளுக்கு ஒயரை மொத்தமாகவே மாற்ற வேண்டியிருக்கும். அதனால்தான் சனிக்கிழமை காலையில் இவர் பசியாறுவதற்கு முன் காடிக்கு அடியில் விரித்த அட்டையை இழுத்துப் பார்க்கிறார். கறுப்புச் சொட்டு என்றால் இஞ்சின் எண்ணெய், சிவப்பு என்றால் கியர் எண்ணெய், பச்சை என்றால் ரேடியேட்டர் தண்ணீர். ஜாதகக் கட்டம் பார்ப்பவருக்குக்கூட அவ்வளவு கவனம் வராது. வாங்கிய விலை என்பது இங்கே வெறும் முன்பணம்.

பிறகு எப்படிச் சரி? தீவு சின்னது, அதனால் சரி. பல இடங்களில் வேகக் கட்டுப்பாடே இல்லாத ஜெர்மன் நெடுஞ்சாலைக்குச் செய்த காடியை, சுமார் 300 சதுர கிலோமீட்டர் தீவில் ஓட்டுவது யானையைக் கட்டித் தயிர் கடைவது போல என்று கேலி பேசுகிறவர்கள் உண்டு. அவர்கள் பாதியைத்தான் பார்க்கிறார்கள். கர்னி டிரைவில் கிளம்பி பத்து ஃபெரிங்கி, தெலுக் பஹாங் வழியாக மலையேறி, பாலிக் பூலாவில் லக்சா சாப்பிட்டுத் திரும்பினால் தீவையே சுற்றியாகிவிடும். ஏற்றத்தில் வெப்ப முள் 100-ஐத் தொட்டாலும் பயமில்லை. எங்கே நின்றாலும் இழுவை லாரி அரை மணி, ஒரு மணியில் வந்து சேரும். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் ஈப்போவுக்கும் தாப்பாவுக்கும் நடுவில் நின்றால் அது விபரீதம். பாலிக் பூலாவில் நின்றால் இன்னொரு கிண்ணம் லக்சா.

அப்படியானால் பழைய ஜப்பான் காடி போதாதா, அது நிற்கவே நிற்காதே என்று கேட்கலாம். நிற்காததுதான் அதன் குறை. நிற்காத காடியைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது? இதற்கோ மழை வந்தாலே ஒரு கதை உண்டு: ஒற்றை வைப்பர் கண்ணாடியின் மூலைவரை நீண்டு மடங்கும் அழகைக் காட்ட, தூறல் விழுந்ததும் பக்கத்து சீட்டுக்காரரை உசுப்புவார். "சின்ன வேலைதான் அண்ணே" என்று ஃபோர்மேன் சொல்லும்போது இவர் முகத்தில் கவலையைவிடப் பெருமைதான் அதிகம். வீண் பந்தா என்பார்கள். ஒரு காலத்தில் தவுக்கேயும் டத்தோவும் பின்சீட்டில் சாய்ந்து போன காடி அது. அன்று கப்சாயில் அதன் புகையை வாங்கிக்கொண்டு பின்னால் போனவர் இன்று முன்சீட்டில் உட்கார்ந்து தானே முதலாளியாகவும் டிரைவராகவும் ஓட்டுகிறார். அந்த ஆசைக்குக் கொஞ்சம் ரோட்டெக்ஸ் கட்டலாம்.

ஒரே ஒரு அநியாயம் மட்டும் மிச்சம். அவரை இவ்வளவு நிம்மதியாக நிற்கவிடுவது தீவு மட்டுமல்ல; வீட்டிலிருந்து மனைவி ஓட்டிவந்து அவரை ஏற்றிப்போகிற மைவியும்தான். நியாயப்படி கூரை அதற்குத்தான்.